நாய் கடித்தது என்று நான் சொன்னேன்

மகன்,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு இப்போது பொறுமையில்லை. முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை லூனாவை ஊசி போட்டுக் கொல்ல மிருக வைத்தியரிடம் கொண்டுபோகாதே. அந்த நாய் என்னைச் சும்மா கடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் குசினியில் நான் சொன்னது பொய். இதை டெலிபோனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் நீ, "அப்பா, கை எப்பிடி இருக்கு, நோகுதோ?" என்றுதான் தொடங்கினாய். பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இன்று செவ்வாய். நாளை காலை விரைவுத் தபாலில் போட்டால் வியாழன் உன் கைக்கு வந்துவிடும். உனக்குத் தமிழ் வாசிக்க மெதுவாகத்தான் வரும் என்று தெரியும். உன்னைத் தமிழ்ப் பாடசாலைக்கு அடித்து அனுப்பிய அந்தப் புதன்கிழமைகள் இன்றைக்காவது உதவட்டும். இடையில் எழுந்துபோய்க் கதவை அடித்துச் சாத்தாமல் கடைசி வரை வாசி. கதவை அடித்துச் சாத்துகிற பழக்கமும் என்னிடமிருந்து வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதை மட்டும் எழுதினால் நீ, கிழவனுக்குக் கோபம் வந்துவிட்டது, வயது போய்விட்டது என்று சொல்லி என்னை மன்னித்துவிடுவாய். அப்படி நீ மன்னிப்பது எனக்கு வேண்டாம். சனிக்கிழமை நீங்கள் அந்த வோன்மொபில் வீட்டு வண்டியில், கூரையில் இரண்டு கயாக் தோணியைக் கட்டிக்கொண்டு, இரண்டு நாய்களையும் ஏற்றிக்கொண்டு, பிரான்சின் கடலோரமாக ஒவ்வொரு ஆறாக இறங்கப் போவதாக இருந்தீர்கள். "அப்பா, நீங்களும் வாங்கோ, பின்னுக்கு ஒரு கட்டில் சும்மா கிடக்குது" என்று கேட்டாய். எனக்கு இந்த விசர் வேலை சரிவராது என்றேன். நீ சிரித்தாய். நீ பிறப்பதற்கு முன்பே, இதே மாதிரி ஒரு வண்டியில், இரண்டு நாய்களோடும் இரண்டு கயாக்குகளோடும் நானும் போனவன். உனக்கு ஒன்பது வயதில் நாய்க்குட்டி கேட்டு அழுதபோது உன்னை பெல்ட்டால் அடித்தேனே, நினைவிருக்கும். முதுகில் அடிபட்டதற்கு அழாமல், ஏன் அடிக்கிறேன் என்று தெரியாததற்குத்தான் அழுதாய். அதற்கான பதிலும் இதற்குள் இருக்கிறது.

எண்பத்தேழாம் ஆண்டு. இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அசில் என்கிற அகதி வழக்கு முடியவில்லை. எந்த நேரமும் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற பயத்தோடு வாழ்ந்த காலம். எங்களுக்கு மேலே இருந்த பெரிய சமையற்காரர் ரூடி. ஐம்பது வயது இருக்கும், முழங்கால் பழுது, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வார். எல்லோரும் ஷெஃப் என்றுதான் கூப்பிடவேண்டும். கோபம் வந்தால் அவருடைய கையில் இருப்பது பறக்கும். கரண்டி பறக்கும், தட்டம் பறக்கும், ஒரு நாள் முழுக் கன்றுத்தொடையே பறந்தது. எனக்கு ஒருமுறை முட்டை அடிக்கிற கம்பி காதில் பட்டு இரத்தம் வந்தது. பின்னேரம் அவரே மருந்து போட்டுவிட்டு ஒரு இறைச்சித் துண்டு பொரித்துத் தந்தார். மாடு என்று தெரியாமல் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. அந்தக் குசினியில் எனக்குத் துணையாக இருந்தவன் யோகன். உன் கல்யாணத்துக்கு வில் நகரத்தில் இருந்து வந்து, வாய் ஒரு பக்கம் கோணியபடி சிரித்து உனக்கு மோதிரம் போட்டாரே, அந்த யோகன் மாமாதான். என்னைவிட நாலு வயது இளையவன், பக்கத்து ஊர்க்காரன். ஹோட்டல் கூரைக்குக் கீழே ஒரே அறையில் ஆறு மாதம் படுத்தோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் தலைமாட்டில் இருந்து ஈரத்துணி போட்டவன். ஷெஃப் அதற்காக அவனை ஏசிய ஏச்சு அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.

அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்தவனிடம் ஊர் கேட்போம், பள்ளிக்கூடம் கேட்போம், எந்த வழியாக வந்தாய் என்று கேட்போம். எந்த இயக்கம் என்று மட்டும் கேட்கமாட்டோம். ஊரில் இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டு முடித்திருந்த நேரம் அது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஒரே அறையில் படுக்க முடியாது. அதனால் நானும் யோகனும் ஆறு மாதமும் சினிமா கதைத்தோம், சம்பல் கதைத்தோம், இந்த நாட்டுப் பெட்டைகளைப் பற்றிக் கதைத்தோம். என் தம்பி சந்திரனைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு இயக்கத்தில் இருந்தான். மற்ற இயக்கம் அவனைப் பிடித்து, கையைப் பின்னால் கட்டி, ஐஸ் தொழிற்சாலைக்குப் பக்கத்துச் சந்தியில் இருத்திச் சுட்டது. ஆமி சுட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். எங்கள் ஆட்களே சுட்டதால் எனக்கு அழுகை வரவில்லை. வயிற்றில் ஒரு எரிவுதான் இருந்தது. அந்த எரிவோடுதான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன், அந்த எரிவோடுதான் உன் அம்மாவைக் கல்யாணம் செய்தேன், உன்னையும் வளர்த்தேன்.

குளிர்காலம் முடிந்து கோடைக்கு ஆட்கள் வருவதற்கு முன், மே மாதத்தில் ஹோட்டலை இரண்டு கிழமை பூட்டுவார்கள். ரூடி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, அறைக்குள் கிடந்து என்ன செய்யப்போகிறீர்கள், என்னோடு வாருங்கள் என்றார். ஏரியைச் சுற்றிப் போவது, ஏரியில் விழுகிற ஒவ்வொரு ஆற்றின் வாயிலும் வண்டியை நிறுத்துவது, பகலில் கயாக்கில் இறங்குவது. இதுதான் திட்டம். கடல் இல்லாத நாட்டில் ஏரிக்கரைதான் இவர்களுக்குக் கடற்கரை. வண்டிக்குள் அடுப்பு இருந்தது, மடக்குகிற மேசை இருந்தது, தண்ணீர்த் தாங்கி இருந்தது, இரண்டு நாய்களும் இருந்தன. பெரியது நீரோ, கறுப்பு உடம்பு, நெஞ்சில் வெள்ளை. மற்றது சென்டா, வயதான பெட்டை. எனக்கு நாய் என்றால் நெஞ்சு அடிக்கும். ஊரில் தெருநாய்கள் தூரத்தில் குரைத்தால் ஆமி வருகிறது என்று அர்த்தம். யோகனுக்கும் அப்படித்தான். முதல் நாள் முழுதும் நாங்கள் இரண்டு பேரும் காலைத் தூக்கி இருக்கைக்கு மேலே வைத்துக்கொண்டு போனோம். ரூடி கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "எனக்குப் பயமில்லாத ரெண்டு பேரும் என்ரை நாய்க்குப் பயம்" என்றார்.

இரண்டாம் நாளே நிலைமை மாறிவிட்டது. நீரோ என் சப்பாத்துக்கு மேலே தலையை வைத்துப் படுக்கத் தொடங்கியது. சிட்ஸ் என்றால் இருக்கும், அவுஸ் என்றால் வாயில் உள்ளதை விடும். இந்த நாட்டில் நான் சொல்லி ஒரு உயிர் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான், மகன். மற்ற நேரமெல்லாம் நான்தான் கேட்கிற ஆள். அன்று ஏரியில் நாங்கள் இரண்டு பேரும் இருவர் கயாக்கில் ஏறி, துடுப்பை ஆளுக்கொரு பக்கம் போட்டு, வட்டமாகச் சுற்றி, தலைகீழாக விழுந்து, ரூடியிடம் குசினியில் கேட்காத கெட்ட வார்த்தையெல்லாம் கேட்டோம். பின்னேரம் கரையில் நான் இடியப்பத்துக்குப் பதிலாக அவர்களுடைய மெல்லிய சேமியாவைப் போட்டு உறைப்பாக ஒரு கறி வைத்தேன். ரூடிக்கு மூக்கால் ஓடியது. எனக்கு மனம் இளகிவிட்டது. அந்த இளக்கத்தில்தான் வழக்கத்தை மீறினேன். யோகனிடம், "எனக்கும் உன்னளவிலை ஒரு தம்பி இருந்தவன்" என்று தொடங்கி, பெயரையும் சந்தியையும் சொல்லிவிட்டேன். யோகன் கோப்பையைக் கீழே வைத்தான். வயிறு சரியில்லை என்று எழுந்துபோனான்.

மூன்றாம் நாள் மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு. பனி உருகுகிற மாதம் என்பதால் தண்ணீர் சாம்பல் நிறத்தில், கரையை இடித்துக்கொண்டு ஓடியது. ரூடிக்கு முழங்கால் நோவு. அவர் ஆற்றில் இறங்கவில்லை. நாய்களோடு கரைப்பாதையில் நடந்து வருகிறேன், பாலத்தில் கரையேறுங்கள், பாலத்துக்குக் கீழே போகவேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். நான் முன்னுக்கு, யோகன் பின்னுக்கு. பின்னால் இருப்பவன்தான் திசை பிடிக்கவேண்டும். பாலம் தெரிந்ததும் நான், "கரைக்குத் திருப்படா" என்று கத்தினேன். கயாக் திரும்பவில்லை. இரண்டாம் தரம் கத்தும்போது பாலம் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அவன் வேண்டுமென்றே திருப்பாமல் விட்டானா, தண்ணீர் இழுத்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஒரு வளைவு தாண்டிக் கற்களுக்கு நடுவே கயாக் ஏறி, குப்புறக் கவிழ்ந்தது. அந்தக் குளிர் உனக்குத் தெரிந்திருக்கும். மூச்சு உள்ளே போகாது. எனக்கு நீந்தத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவனுடைய கால் உள்ளே மாட்டி, தலை கீழே இருந்தது. நான் கயாக்கைக் கல்லில் முட்டவைத்து, அவனுடைய இடுப்பைப் பிடித்து உருவி, கரையில் கூழாங்கல்லில் கொண்டுவந்து போட்டேன். அவன் வாந்தியெடுத்தான். நான் அவனுடைய முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். மூச்சு வந்தபின் அவன் என்னைப் பார்க்காமல் கதைத்தான்.

"அண்ணை, என்னை நீங்கள் வெளியாலை எடுத்திருக்கக் கூடாது."

"ஏன்டா?"

"சந்திரனைச் சுடேக்கை நான் அந்தச் சந்தியிலை நிண்டனான். சென்ரிக் காவலுக்கு விட்டவங்கள்."

"கையைக் கட்டினது ஆர்?"

"நான்தான் அண்ணை."

"அவன் ஏதும் சொன்னவனோ?"

"தண்ணி கேட்டவன்."

"குடுத்தனியோ?"

துடுப்பு எனக்குப் பக்கத்தில் கிடந்தது. அகன்ற பக்கத்தால் அல்ல, தண்டால் அடித்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முகத்தில். தாடை உடைந்த சத்தம் அந்த ஆற்று இரைச்சலுக்குள்ளும் எனக்குக் கேட்டது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன். தடுக்காமல் கிடந்தது என்னை இன்னும் மூட்டியது. வயிற்றில் உதைத்தேன், கழுத்தில் மிதித்தேன். பிறகு பட்டியில் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனேன். தலையைப் பிடித்து அமுக்கினேன். அவன் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட் அவனை மேலே தூக்கிக்கொண்டே இருந்தது. அதனால் அதன் பட்டிகளைக் கழற்றத் தொடங்கினேன். மகன், இந்த இடத்தைத்தான் நீ நிதானமாக வாசிக்கவேண்டும். கோபத்தில் கண் மண் தெரியவில்லை என்று ஆட்கள் சொல்வார்கள், நானும் பொலிஸில் அகப்பட்டால் அப்படிச் சொல்லத்தான் இருந்தேன். எனக்கு எல்லாம் தெரிந்தது. மூன்று பட்டி இருந்தன. விரல் விறைத்திருந்ததால் ஒன்று கழற்றவே நேரம் எடுத்தது. ஒன்றைக் கழற்றினேன். இரண்டாவதைக் கழற்றினேன். மூன்றாவதில் கை வைத்தபோது நீரோ என் இடது கையைக் கவ்வியது.

அது குரைக்கவில்லை, உறுமவில்லை. வந்ததே தெரியாது. பல் எலும்பில் போய் நின்றது. நான் கரைக்கல் ஒன்றை எடுத்து அதன் தலையில் அடித்தேன். விடவில்லை. திரும்பவும் அடித்தேன். காதுக்கு மேலே தோல் பிளந்து இரத்தம் என் முகத்தில் தெறித்தது. அப்போதும் அது விடாமல் என்னைப் பின்னுக்குப் பின்னுக்குக் கரைக்கு இழுத்தது. என் கை வலித்த வலியில்தான் யோகனின் தலையை விட்டேன். அவன் மிதந்து வந்து கல்லில் தட்டி நின்றான். சற்று நேரத்தில் ரூடியின் குரல் கேட்டது, "அவுஸ்" என்று. நீரோ உடனே வாயைத் திறந்து விட்டுவிட்டு, இரத்தம் வடிந்தபடி அவருடைய காலடியில் போய் இருந்தது. ரூடி யாரையும் ஏசவில்லை. யோகனைத் தூக்கிப் பக்கவாட்டில் படுக்கவைத்தார். பிறகு அந்தத் துடுப்பை எடுத்து ஆற்றில் இரண்டு தரம் அலசினார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் யோகனின் முகத்தைக் கட்டிவிட்டார்கள். அவனால் கதைக்க முடியாது. என் கைக்குத் தையல் போட்ட வைத்தியர் நாய்க்கடி என்று எழுதியதும், பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். என்ன நடந்தது என்று. யோகனுக்கு வாயில்லை, இருந்தாலும் அவனுக்கு ஜெர்மன் தெரியாது. எனக்குத்தான் அரைகுறையாகத் தெரியும். அதனால் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். ஒருவனை அடித்துக் கொல்லப் பார்த்தவன்தான் அவனுக்காகப் பேசினான், மகன். நான் சொன்னேன், நாய் திடீரென்று பாய்ந்தது, இவன் பயந்து ஓடிக் கல்லில் விழுந்தான், நான் தடுக்கப் போனேன், என்னைக் கடித்தது. அதையே தமிழிலும் யோகனுக்குச் சொல்லவேண்டியிருந்தது, உண்மையோ என்று அவனைக் கேட்கச் சொன்னார் பொலிஸ்காரர். கேட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், அங்கே நான் ஒரு கிழமை தாங்கியிருக்க மாட்டேன். யோகனுக்கு அது தெரியும். கண்ணால் தண்ணீர் ஓட, கட்டுப்போட்ட தலையை மெதுவாக ஆட்டினான். பொலிஸ்காரர் ரூடியைப் பார்த்து, உங்கள் நாய் கடிக்கிற நாயா என்று கேட்டார். ரூடி என்னைப் பார்த்தார். பிறகு, ஓம், கடிக்கும் என்றார். அப்படிப்பட்ட நாயை வைத்திருக்க முடியாது என்று பொலிஸ்காரர் வருத்தத்தோடு சொன்னார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் ரூடி.

அடுத்த நாள் காலை என்னையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கு மேலே இருந்த தன் அண்ணனுடைய பண்ணைக்குப் போனார். இந்த நாட்டில் ஆம்பிளைகள் பட்டாளத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பார்கள், உனக்குத் தெரியும், நீயும் வைத்திருந்தாய். கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நீரோ தலையில் காய்ந்த இரத்தத்தோடு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவர் கதைத்தார். அவர் சொன்னதை எங்கள் பாஷையில் எழுதுகிறேன். "நான் வளைவிலை நிண்டனான். முதல் அடியிலையிருந்து பாத்தனான். ஓடிவர என்ரை கால் விடேல்லை. அதுதான் நீரோவை அவிட்டு விட்டனான். உன்னைப் பிடிக்கச் சொல்லி அனுப்பினதே நான்தான்." நான் அழத் தொடங்கினேன். "அழாதை. உன்னைக் காட்டிக்குடுத்தால் அங்கை உன்னைச் சுடுவாங்கள். அதை என்னாலை செய்ய ஏலாது. ஆனால் கயித்தை நீ பிடி." பிடித்தேன். நாய் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. இருக்கச் சொல்லு என்றார். நான் சிட்ஸ் என்றேன். இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வெடிச்சத்தம் கேட்டபோது கயிறு என் கையை ஒரு தரம் வெட்டி இழுத்துவிட்டுத் தளர்ந்தது. வண்டிக்குள் பூட்டிவைத்திருந்த சென்டா கண்ணாடியில் நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது. குழியையும் நான்தான் வெட்டினேன், ஒற்றைக் கையால்.

ரூடி அதற்குப் பிறகு என்னை ஒரு நாளும் ஏசவில்லை. மற்றவர்களுக்குக் கரண்டி பறந்தது, எனக்குப் பறக்கவில்லை. காலையில் வணக்கம் சொல்வார், மாலையில் வணக்கம் சொல்வார். ஒன்றரை வருடம் அந்தக் குசினியில் அப்படி இருந்துவிட்டு, முடியாமல் சூரிச்சுக்கு வந்தேன். யோகன் வில்லுக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். வாய் கோணியதைப் பற்றி யார் கேட்டாலும் ஆமி அடித்தது என்று சொல்வான், உனக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஒவ்வொரு வருடமும் சந்திரனின் திவசத்தன்று எனக்கு டெலிபோன் எடுப்பான். இரண்டு பேரும் ஒன்றும் கதைப்பதில்லை. கொஞ்ச நேரம் மூச்சைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். அவனை நான் மன்னித்தேனா என்று எனக்குத் தெரியாது. அவன் என்னை மன்னித்திருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் கைத் தழும்பைப் பார்த்து நீ சின்ன வயதில் கேட்டபோது நாய் கடித்தது என்றேன். பொல்லாத நாயோ என்று கேட்டாய். ஓம் என்றேன். பிறகு நீ நாய்க்குட்டி கேட்டாய், நான் பெல்ட்டை எடுத்தேன். உனக்கு விழுந்த அடி ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்துதான் விழுந்தது. ஆற்றில் அந்தப் பட்டிகளைக் கழற்றியது போலத்தான். இதை உனக்குச் சொல்ல நீ முப்பத்தைந்தை எட்டும் வரை காத்திருந்தேன் என்பதில் எனக்கு வெட்கம்.

இனி ஞாயிற்றுக்கிழமை. நீயும் மருமகளும் வெளியே கயாக்கைக் கூரையில் கட்டிக்கொண்டிருந்தீர்கள். அம்மா மேலே குளித்துக்கொண்டிருந்தாள். பேத்தி மீராவுக்கு நான் இடியப்பமும் சொதியும் தீத்திக்கொண்டிருந்தேன். ஐந்து வயதுப் பிள்ளை, விளையாட்டாக வாயில் இருந்த சொதியை என் முகத்தில் துப்பிவிட்டுச் சிரித்தாள். நான் அறைந்தேன். செல்லத் தட்டு இல்லை, அறை. அவள் கதிரையோடு சாய்ந்துபோனாள். அழவில்லை, என்னைப் பார்த்தாள். அழாமல் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் தரம் கையை ஓங்கினேன். லூனா மேசைக்குக் கீழேயிருந்து வந்து அந்தக் கையைப் பிடித்தது. பிடித்ததே தவிரக் கிழிக்கவில்லை. நான் இழுத்ததால்தான் கிழிந்தது. அதன் விலாவில் மூன்று தரம் உதைத்தேன். சத்தம் கேட்டு நீ ஓடிவந்தாய். நான் யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக இருந்தது போல வந்தது, "நாய் பிள்ளையிலை பாஞ்சது, நான் தடுத்தனான்" என்று. மீராவின் கன்னத்தில் இருந்த சிவப்பு என் ஐந்து விரல். நீங்கள் அதை நாயின் கால் என்று நம்பினீர்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நீங்கள் இல்லாட்டி" என்று சொல்லி அழுதாய். அப்போதாவது நான் சொல்லியிருக்கவேண்டும். மருமகள் பிள்ளையைத் தூக்கி, "லூனாவோ உன்னை அடிச்சது?" என்று கேட்டாள். மீரா என்னைப் பார்த்தாள். பிறகு ஓம் என்றாள்.

அந்த ஓம்தான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. யோகன் ஆமென்று தலையாட்டியது ஒரு பாவத்துக்கு ஈடாக. இந்தப் பிள்ளை எதற்கு ஈடாகச் சொன்னாள்? எனக்குப் பயந்து சொன்னாள். நீயும் இதே வயதில் எனக்குப் பயந்து எத்தனை ஓம் சொல்லியிருப்பாய். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கோபம் வரும்போது உனக்கு எதுவும் தெரியாமல் போவதில்லை. உன் கை என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியும். அது தெரிகிற அந்த ஒரு நொடியில் நிறுத்தலாம். நான் ஒரு தரமும் நிறுத்தவில்லை. இரண்டு தரம் நாய்தான் நிறுத்தியது. இன்னொன்று, கடலோர ஆறுகளில் மீராவுக்கு லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டியையும் நீயே பூட்டு, மற்றவர்களிடம் விடாதே.

இந்தக் கடிதத்தை முடித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். அவளுக்கும் இதில் ஒரு வரியும் தெரியாது. வியாழன் பின்னேர ரயிலில் உங்கள் வீட்டுக்கு வாறன். மீராவைக் கூப்பிட்டு வைத்து உண்மையைக் கேட்டு எடுக்காதே. அவள் பொய்க்காரி ஆகக்கூடாது. அவளுக்கு முன்னால் நானே சொல்கிறேன், அடித்தது நான், பொய் சொன்னதும் நான், லூனா ஒன்றும் செய்யவில்லை என்று. அதைக் கேட்டபின் என்னை வெளியே போகச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, நான் போய்விடுவேன். உள்ளே விடவே மனமில்லை என்றால் வாசலில் நின்று சொல்கிறேன். நான் கதைக்கும்போது பிள்ளை உன் மடியில் இருக்கட்டும். நாயைக் கட்டிவைக்காதே.

அப்பா